பெல்ட்டுக்குள்ள ஒரு முடிச்சு

மறுபடியும் இறுக்குது. உர்ருன்னு மோட்டார் ஓடி, ஐஸ் தண்ணியும் காத்தும் சேந்து கொழா வழியா வந்து, எடது மொழங்கால்ல சுத்தியிருக்கற பெல்ட்டு இரை முழுங்குன பாம்பு கணக்கா உப்பி, ஒரு பிடி பிடிச்சு நிறுத்தி வச்சு, அப்பறம் பெரிய மனசு பண்ணி புஸ்ஸ்னு விடுது. இந்தப் புஸ்ஸு மட்டும் ஒச்சப்பனுக்குப் பிடிச்ச சத்தம். ஏர் பிரேக்கு விடுற சத்தம் மாதிரியே இருக்கு. உசிலம்பட்டிக்கும் தேனிக்கும் குமுளிக்குமா கவர்மெண்டு பஸ்ஸ ஓட்டியே தலை நரைச்ச மனுசனுக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தேன் ஒரு ஊரு வந்து சேந்த மாதிரி இருக்கும், எறங்கி ஒரு டீ குடிக்கலாம்னு நாக்கு தன்னால ஊறும். இப்பவும் ஊறுது. எறங்கி எங்க போறது? கட்டில்ல மல்லாக்கப் படுத்து, அடியில தலகாணிய அடுக்கி, நெஞ்சுக்கு மேல ஒசத்தி வச்ச காலு அது பாட்டுக்கு யாரு வீட்டுக் காலோ மாதிரி நிக்கிது. அந்தக் கடைசியில, சன்னல் வெளிச்சத்துல, அஞ்சு வெரலும் வரிசையா நின்னு இவரையே பாக்குதுக. பெருவிரலத்தேன் இவரும் பாக்குறாரு. மடங்குடான்னாரு, மடங்குச்சு. நிமிருடான்னாரு. நிமிரல. இன்னொருக்கா நிமிருடான்னாரு, பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாரு, மூக்கு விடைச்சதுதேன் மிச்சம். கிளச்ச மிதிக்கத் தெரியுது காலுக்கு, விடத் தெரியல. மறுபடியும் உர்ர்.

மரத்துப் போகும்ப்பா, அதுக்குத்தேன ஐஸு, அப்படின்னு மக அறிவுச்செல்வி சொல்லியிருக்கா. அவதேன் மதுரையில அலைஞ்சு இந்த மெஷின வாடகைக்குப் பிடிச்சுக் கொண்டு வந்து எறக்குனது. மூட்டு மாத்துற ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தும் முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு, மடக்கவே மாட்டேங்குதுன்னதும், டாக்டரு ஐஸு வையுங்கன்னாரு. ஐஸக் கட்டித் துண்டுல வச்சுக் கட்டுனா இந்த மனுசன் அத எடுத்து வாயில போட்டு மெல்லுறாரு, அதனால மெஷினு. மீன் வாங்கப் போற பொட்டி மாதிரி ஒண்ணு, ரெண்டு கொழா, ஒரு பெல்ட்டு, அம்புட்டுத்தேன். ஐஸப் போட்டுத் தண்ணிய ஊத்தி, மொதல்ல ஒரு மெல்லிசுத் துணியச் சுத்தி, அதுக்கு மேல பெல்ட்டக் கட்டி, சுச்சப் போட்டா அதுவே குளுத்தியக் குடுக்கும், அதுவே அமுக்கும், அதுவே விடும். போட்டுக் காட்டிட்டு நேத்துத்தேன் ஊருக்குப் போனா. போம்போது செருப்ப மாட்டிக்கிட்டே சொன்னா: தோலு மரத்துப் போகும், அதுக்குப் பயப்படாத. வெரலு மட்டும் அசையாமப் போகக் கூடாது. அசையலேன்னா ஒடனே கழட்டிட்டுச் சொல்லணும். யார்ட்டயாச்சும் வாயத் தொறந்து சொல்லணும்ப்பா, என்ன? ம்ம்னாரு. தோலு மரத்தா சரி, வெரலு அசையலேன்னா தப்பு. இப்ப மரத்தது எது? பாதத்து மேல கையில ஒரு கிள்ளு கிள்ளிப் பாத்தாத் தெரிஞ்சுரும், கையி அங்கிட்டு எட்டாது. வலது கால் கட்டவெரலால ஒரசிப் பாத்தாரு. வலது காலுக்குத் தெரியுது, எடது காலுக்குத் தெரியல. பக்கத்துச் சீட்டுல தூங்கி விழுறவனத் தட்டுற மாதிரி தட்டிப் பாத்தாரு. ம்ஹூம். சொல்லணும்ப்பா, என்ன? சொல்லிரலாம். ஒரு சத்தம் போட்டா சமையக்கட்டுலருந்து பெருமாயி ஓடியாந்துருவா. வந்து மேல கட்டிருக்கற துணிய அவுத்து, பெல்ட்டப் பிரிச்சு, உள் துணியப் பிரிச்சு, பிரிச்சதும்.

பிரிச்சதும் அது இருக்கும். மஞ்சத்துணி. மஞ்சத்துணிக்குள்ள ஒத்த ரூபா. மொழங்காலுக்குக் கீழ, வெளிப்பக்கமா, எலும்பு ஒண்ணு குண்டுமணி மாதிரி துருத்திக்கிட்டு இருக்குமே, அதுக்கு அடியில ஒரு பள்ளம், அங்கன செருகி வச்சது. காச வச்சது இவரு கையி. அதத்தேன் நெனச்சு நெனச்சு நெனப்பு அங்கனயே சிக்கி நிக்கிது, மேட்டுல ஏற மாட்டாத வண்டி மாதிரி. ஒச்சப்பன்னா யாரு? கருப்புச் சட்டை. ஒச்சாண்டம்மன் பேர வச்சுக்கிட்டு சாமி இல்லங்கிறியேன்னு டிப்போவுல கேட்டவன்ட்ட, பேரு எங்கப்பன் வச்சது, புத்தி நானா வச்சதுன்னு சொன்ன ஆளு. அய்யரு இல்லாம, தேங்கா ஒடைக்காம, மேடையில நின்னு மாலைய மாத்திக் கல்யாணம் முடிச்சவரு. பெருமாயி பாவம், மாலையப் போட்டுக்கிட்ட அன்னைக்கிருந்து அவ சாமிகளயெல்லாம் சமையக்கட்டு அலமாரிக்குள்ள, டப்பாக்களுக்குப் பின்னாலதேன் குடி வச்சிருக்கா. முருகன் சீனி டப்பாவுக்குப் பின்னால. மாரியாத்தா மொளகாத்தூளுக்குப் பின்னால, அவளுக்கு அதுதேன் பொருத்தம். கருப்பசாமி கடுகு டப்பாவுக்குப் பின்னால. தெரியாத மாதிரி அவளும் வச்சிருப்பா, தெரியாத மாதிரி இவரும் இருப்பாரு, சீனி வேணும்னாக்கூட எட்டி எடுக்காம, ஏய் இந்தா, சீனின்னு கேப்பாரு. அது ஒரு ஒப்பந்தம். ஆபரேசன் முடிஞ்சு கெடந்தப்ப அவ வேண்டிக்கிட்டு ஒத்த ரூபாய மஞ்சத்துணியில முடிஞ்சா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல அரக்கண்ணு தொறந்து இவரு பாத்தாரு, பாக்காத மாதிரி கண்ண மூடிக்கிட்டாரு. வீட்டுக்கு வந்ததும் அந்த முடிச்சு கடுகு டப்பாவுக்குப் பின்னாலதேன் போயிருக்கும்னு அவருக்குத் தெரியாதா? இன்னைக்குக் காலையில அவ கொல்லையில துணி தொவச்சுக்கிட்டு இருக்கும்போது, வாக்கரத் தள்ளிக்கிட்டு, சத்தம் வராம, சொந்த வீட்டுக்குள்ள திருடன் கணக்கா.

ஏன் எடுத்தாரு? அத அவரே அவர்ட்டக் கேட்டுக்கிறாரு, பதிலு சொல்றதுக்குள்ள பெல்ட்டு வந்து அமுக்கிருது. நாளைக்கு டாக்டர்ட்டப் போகணும். போன தடவ முட்டிய மடக்கிப் பாத்துட்டு ஒதட்டப் பிதுக்குனாரு, அடுத்த தடவையும் இப்படியே இருந்துச்சுன்னா மயக்கம் குடுத்துப் படுக்கப்போட்டு மடக்கித்தேன் விடணும், பாப்போம்னாரு. பாப்போம்ங்கிற வார்த்தை டாக்டரு வாயிலருந்து வந்தா அதுக்கு ஒரு எடை இருக்கு. மடக்கும்போது சத்தம் கேக்குமா? மயக்கத்துல இருக்கற எனக்குக் கேக்காது, வெளிய ஒக்காந்திருக்கற அவளுக்குக் கேக்குமா? ரிட்டையரானப்பறம் ஓட்டுற பள்ளிக்கூட வேன, லீவு முடிஞ்சு தொறந்ததும் ஓட்டணும், ஓட்டுவீகளாண்ணேன்னு வேன் மொதலாளி ரெண்டு தடவ கேட்டுட்டாரு. ராத்திரியெல்லாம் பொரண்டாரு. பொரளவும் முடியாது, அதனால தலைய மட்டும் பொரட்டுனாரு. காலையில கடுகு டப்பா நெனப்பு வந்துச்சு. சும்மா வச்சுப் பாப்பமே. மருந்து மாதிரி. மருந்துல நம்பிக்கை வச்சா குடிக்கிறோம்? உள் துணிய நானே சுத்திக்கிறேன்னு பெருமாயிட்டச் சொல்லி, கட்டில் ஓரத்துல ஒக்காந்து, அந்தப் பள்ளம் பாத்து வச்சு, மேல துணியச் சுத்துனாரு. அவ வந்து பெல்ட்டக் கட்டும்போது, மேடு தெரிஞ்சுருமோ, நழுவிக் கீழ விழுந்துருமோன்னு பயந்து, இறுக்குடின்னாரு. இறுக்குனா. இன்னும் இறுக்குங்கிறேன். பெல்ட்டுல ஒட்டுற பட்டை பழசாகிப் பிடிப்பில்லாமக் கெடக்குன்னு, அவ பழைய சேலையக் கிழிச்சு மேல ரெண்டு சுத்து சுத்தி, மாட்டுக்குப் போடுற முடிச்சு ஒண்ணு போட்டா. போதுமா மகராசா? போதும்னாரு. போதும்தேன். இப்ப அந்த ஒத்த ரூபா உள்ள எலும்பையும் நரம்பையும் போட்டு நசுக்குது, மெஷின் இறுக்குறப்பல்லாம் நசுக்குது, அங்கனருந்து ஒரு கம்பி கீழ பாதத்துக்கு ஓடி, பெருவிரல்ட்ட வந்து அணைஞ்சு போகுது. பல்பு பீஸ் போன மாதிரி.

சமையக்கட்டுல டப்பா உருளுது. ஒண்ணு, அப்பறம் இன்னொண்ணு. இந்நேரம் தாளிக்கிற வாசம் வரணும், வரல. ஒச்சப்பன் மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குறாரு. ஏத்தா செல்லக்கிளி, இங்க வாயேன்னு பெருமாயி பக்கத்து வீட்டுக்காரியக் கூப்புடுறா. கொலுசுச் சத்தம் கொல்லை வழியா வருது. என்ன மதினி, என்னத்தத் தேடுறீக? அந்தக் காசு முடிச்சக் காணோம்டி, உங்க அண்ணனுக்கு முடிஞ்சு வச்சது. இங்கனதேன வச்சேன், கடுகுக்குப் பின்னால, நேத்துக்கூட வெளக்கேத்தயில தொட்டுக் கும்பிட்டேன். நல்லாப் பாருங்க மதினி, கால் மொளச்சா போயிருக்கும்? பாத்துட்டேன்டி, அரிசிப் பானை வரைக்கும் கையி விட்டுப் பாத்துட்டேன். எலி தூக்கிருக்கும் மதினி, எங்க வீட்டுல கம்மலயே தூக்கிட்டுப் போச்சுல்ல, மஞ்ச வாசத்துக்கு வரும். எலி காசத் திங்குமாடி? அண்ணன்ட்டக் கேட்டீகளா? நல்லாக் கேட்டடி, அந்தாளுக்குத் தெரிஞ்சா பட்டி தொட்டியெல்லாம் பறையடிச்சுருவாரு, உங்க சாமிக்கு ஒத்த ரூபாயக்கூடப் பத்திரமா வச்சுக்கத் தெரியலயாம்பாரு. ரெண்டு பேரும் சிரிச்சாளுக. சிரிச்சுட்டு பெருமாயி மட்டும் சட்டுன்னு நிறுத்துனா. ஆனா மனசு கேக்கலடி. முடிஞ்ச காசு காணாமப் போகலாமா? நாளைக்கு டாக்டர்ட்ட வேற போகணும். அவ மூக்க உறிஞ்சுற சத்தம் ஒச்சப்பனுக்குக் கேட்டுச்சு. இந்தா இருக்குடி, இங்கனதேன் இருக்குன்னு சொல்ல வாயத் தொறந்தாரு. உர்ர்னு மெஷினு முந்திக்கிருச்சு.

நாமளே எடுத்துருவோம். எந்திரிச்சு ஒக்காந்து, எட்டி அந்த முடிச்ச அவுத்து, ஒரு வெரல உள்ள விட்டுக் காச இழுத்துட்டா முடிஞ்சுபோச்சு, எலி கொண்டு வந்து போட்ட மாதிரி கட்டிலுக்கு அடியில போட்டுரலாம். முழங்கைய ஊண்டி எந்திரிச்சாரு. பாதி எந்திரிக்கும் முன்னால முட்டிக்குள்ள பழுக்கக் காச்சுன கம்பிய விட்டுத் திருகுன மாதிரி ஒரு இழுப்பு. கண்ணுக்குள்ள மஞ்ச மஞ்சயா. வயிறு வேற நடுவுல கெடக்கு, முப்பது வருசம் ஸ்டீரிங்குக்குப் பின்னால ஒக்காந்து வளத்த வயிறு. கை நீட்டுனா சேலைக் கிழிசலோட நுனி நடுவெரலுல படுது, பிடிபடல. சேலை யாரோடது? கத்தரிப்பூ கலரு, மக அறிவு பொறந்தப்ப வாங்குனது. கையத் தொங்கப் போட்டுட்டுச் சாஞ்சாரு. சுச்சு அந்தப் பக்கச் செவுத்துல. வேர்த்துப் போச்சு, பக்கத்துல ஐஸ வச்சுக்கிட்டு வேர்க்குது. செருப்பு. காதர் பாயோட செருப்பு எதுக்கு இப்ப நெனப்புல வருது? வராம எப்படி இருக்கும், அதுதேன் ஆரம்பத்துலருந்து கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு இருக்கு. காதர் மைதீன் இவரு பஸ்ஸுல கண்டக்டரு. விசிலடிச்சாருன்னா மாடு கூட ரோட்ட விட்டு எறங்கும், அப்படி ஒரு விசிலு. சக்கரை வியாதிக்காரரு, சக்கரை போடாத டீயக் குடிச்சுட்டு தொட்டுக்க ஜாங்கிரி வாங்குவாரு. ஒரு நா தேனி பஸ் ஸ்டாண்டுல வண்டிய நிறுத்திப் பாத்தா பாயி ஒத்தச் செருப்போட நிக்கிறாரு. இன்னொண்ணு எங்க பாய்னா, குனிஞ்சு பாக்குறாரு, அவருக்கே அப்பத்தேன் தெரியுது. ஆண்டிபட்டியிலயோ கணவாயிலயோ படியில கழண்டு விழுந்திருக்கு, வெறுங்காலோட டிக்கட்டுப் போட்டுக்கிட்டே வந்திருக்காரு. எல்லாரும் சிரிச்சாங்க. ஒச்சப்பன் சிரிச்ச சிரிப்புல ஸ்டீரிங்குலயே மூஞ்சி முட்டி ஹாரன் அடிச்சிருச்சு. பெறகு வெரல எடுத்தாங்க, பெறகு பாதம், பெறகு முட்டிக்குக் கீழ. பாக்கப் போனப்ப, ஒச்சு, காலு இல்லாத எடத்துல அரிக்கிதுடா, எதச் சொறியட்டும்னு கேட்டாரு. அவரு சிரிச்சுக்கிட்டேதேன் கேட்டாரு. இவருக்கு அன்னைக்குச் சிரிப்பு வரல. எல்லாம் இந்தப் பெருவிரல்லதேன் ஆரம்பிச்சது. தெரியாமப் போச்சுடா ஒச்சு, தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா? தெரிஞ்சா சொல்லணும். எனக்குத் தெரியுதே பாய். எனக்குத் தெரியுது, நான் சொல்லாமக் கெடக்குறேன்.

இறுக்குது. இந்தத் தடவ ரொம்ப நேரம் பிடிச்சு வச்சிருக்கு, விடு, விடு, விட்டுருச்சு. விட்டும் விடாத மாதிரி இருக்கு. மோட்டார் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தா அதுல வேற ஒரு சத்தம் கேக்குது. அப்பாவ வச்சிருந்த ஐஸ் பெட்டி. அக்கா பம்பாயிலருந்து வரணும்னு ராத்திரி முச்சூடும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள அப்பாவப் போட்டு வச்சிருந்தாங்க, இதே உர்ர், நடுநடுவுல நின்னு நின்னு இதே உர்ர். கண்ணாடி மேல தண்ணி கோத்து கோத்து நின்னுச்சு, தொடச்சுத் தொடச்சு மொகத்தப் பாத்தாரு. வாசல்ல ஒக்காந்திருந்தவக அப்பவும், ஒச்சு, நெத்தியில ஒரு காசு வைக்கலையான்னு கேட்டாக. வைக்கலன்னாரு. வீம்புக்கு வைக்கல. மெஷின வீட்டுக்குள்ள எறக்குனப்பவே அவருக்கு அந்த நெனப்பு வந்துருச்சு, யார்ட்டயும் சொல்லல. மொதல்ல காலு போகுது, பெறகு ஆளு போவான், அப்படித்தேன் போல, தவணை முறையில. அட, என்ன நெனப்பு இது. வேற நெனைப்போம். எலுமிச்சம்பழம். டிப்போவுக்குப் புதுவண்டி வந்தா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துவாங்க. இவருக்குன்னு குடுத்த வண்டிக்கு வச்சப்ப, குனிஞ்சு நாலு பழத்தையும் எடுத்து, மெக்கானிக்கு, கிளை மேனேஜரு எல்லாரும் பாக்கப் பாக்க, பிழிஞ்சு உப்புப் போட்டுக் குடிச்சாரு. ஊரே பேசுச்சு. பெருமாயி மூணு நா பேசல. அந்த வண்டி ஒரு நாளும் நடுரோட்டுல நிக்கல, அத எங்க போனாலும் சொல்லுவாரு. இப்ப அந்த ஒச்சப்பன் கால்ல மஞ்சத்துணியக் கட்டிக்கிட்டுக் கெடக்குறான்னு டிப்போவுக்குத் தெரிஞ்சா? டிப்போ கெடக்கட்டும். செல்லக்கிளிக்குத் தெரிஞ்சாப் போதும், உசிலம்பட்டிச் சந்தை வரைக்கும் போயிரும். பெருமாயிக்குத் தெரிஞ்சா? அவ சிரிப்பா. சிரிக்கணும்ல, அவ சாமிகள டப்பாவுக்குப் பின்னால ஒளிய வச்ச மனுசன், கடைசியில அந்த டப்பாவுக்குப் பின்னாலயே கையி விட்டிருக்கான். சிரிச்சாக்கூடப் பரவாயில்ல. சிரிக்காம இவரப் பாத்தான்னா? பாவம்னு பாத்தான்னா?

வலி வேற, இது வேற. வலின்னா அவருக்குப் பழக்கம். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா வந்து, அய்யா, பத்துக்கு எவ்வளவு வலிக்குதுன்னு கேட்டப்ப, சைபர்னாரு. ஆபரேசன் பண்ணி மறுநாளு, சைபர். அந்தப் பிள்ளை பேனாவ வச்சுக்கிட்டு முழிச்சுச்சு. சைபர்னு சொன்ன ஆளுக்கு எதுக்கு ஊசின்னு கொறச்சுட்டாங்க. அதுக்கப்பறம் பயிற்சி குடுக்கற தம்பி வந்து முட்டியப் பிடிச்சு மடக்குனப்ப, இவரு மெத்தை விரிப்பக் கையில சுருட்டிப் பிடிச்சாரு பாருங்க, அது கிழிஞ்சு போச்சு. வலிக்குதாங்கய்யா? இல்ல. சும்மா இழுக்குது. தம்பி போனப்பறம் கிழிஞ்ச எடத்தப் போர்வைய இழுத்து மூடிக்கிட்டாரு. மறுநாளு, காலுல லேசா மதமதன்னு இருக்குன்னு ஒரு சாக்கு, அதுக்கு மறுநாளு தூக்கம் வருதுன்னு ஒரு சாக்கு. வலிக்குதுன்னும் சொல்லல, மடக்கவும் விடல, அப்படி இப்படின்னு முட்டி வீங்கி இறுகிப் போச்சு. பெருமாயி கிழிஞ்ச விரிப்பப் பாத்துட்டா. அன்னைக்கு, ஆஸ்பத்திரின்னும் பாக்காமக் கேட்டா, வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொன்னா என்னங்க, எது கொறஞ்சு போகுது உங்களுக்கு? சொன்னா நீ பாதிய வாங்கிக்கிருவியாக்கும்னு கேட்டாரு. அவ முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டு, இடுப்புல சுருட்டி வச்சிருந்த மஞ்சத்துணிய எடுத்து, சில்லறைப் பையில துழாவி. அப்பத்தேன் முடிஞ்சா. ஆமா, அப்பத்தேன். இதையும் இவரு அரக்கண்ணுலதேன் பாத்தாரு. வாழ்க்கையில பாதிய அரக்கண்ணுலயே பாத்திருக்கோம்போல.

பெருவிரலு, நிமிரு. நிமிரு சாமி. சாமியா? வாயில வந்துருச்சு, போகட்டும், யாருக்குக் கேட்டுச்சு. பாதம் முன்னால சாஞ்சு தொங்குது, இப்பப் பெருவிரல் மட்டுமில்ல, மொத்தப் பாதமும், காம்பு ஒடிஞ்ச எல மாதிரி. இது தோலு இல்ல. இது ஐஸு இல்ல. இதுதேன் அறிவு சொன்னது. சமையக்கட்டுல பேச்சு மாறுது, செல்லக்கிளி சொல்றா, மதினி, சும்மா அழுதுக்கிட்டு நிக்காம வாங்க, தெருக்கோடிக் கோயில்ல பூசாரி இருப்பாரு, ஒரு எட்டுப் போயி என்ன ஏதுன்னு கேட்டுட்டு, வேற காசு முடிஞ்சு வாங்கிட்டு வந்துரலாம். அண்ணன் மெஷின்லதேன கெடக்காரு, எங்க ஓடிறப் போறாரு? பெருமாயி வந்து அறை வாசல்ல தலைய நீட்டுறா. ஏங்க, ஓடுது இல்ல மெஷினு? ம். குளுத்தி தாங்குதா? ம். இந்தா தெருக்கோடி வரைக்கும் போயிட்டு ஓடியாந்துர்றேன், அடுப்ப அணைச்சுட்டேன், கேட்டச் சாத்திட்டுப் போறேன். என்ன? ம். ம்ம்னுட்டாரு. ஏன் ம்ம்னாரு? அவ கண்ணு செவந்திருக்கு, அவ பாதத்தப் பாக்கல, மொகத்தத்தேன் பாத்தா, மொகத்துலதேன் ஒண்ணும் இல்லையே, சைபரு. செருப்பு மாட்டுற சத்தம். இது பெருமாயி செருப்பு, தேஞ்சது, சரட்டு சரட்டுன்னு. கேட்டுக் கொண்டி தூக்குற சத்தம். உர்ர். போயிட்டா அவ வர்ற வரைக்கும் இது இறுக்கும், விடும், இறுக்கும், அவ பூசாரிட்ட காசு எங்கன்னு கேப்பா, அவரு மேக்க பாரு கெழக்க பாரும்பாரு, காசு இங்கன எலும்புல ஒக்காந்து நரம்பத் தின்னுக்கிட்டே இருக்கும். எலி காசத் திங்குமாடி? காசு காலத் திங்குதுடி. தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனாடா ஒச்சு. கேட்டு சாத்துற சத்தம். கொண்டி விழுந்துச்சு.

பெருமாயி.

வாயத் தொறந்தாரு, சத்தம் வரல, காத்துதேன் வந்துச்சு. அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டு எந்தக் காலம் ஆச்சு, ஏய், இந்தா, அறிவு அம்மா, இப்படியே ஓடிருச்சு. தொண்டைக்குள்ள எங்கயோ பழைய எடத்துலருந்து பேர இழுத்தாரு. பெருமாயீ! எம் காலு போச்சுடீ! அந்தக் கத்தல்ல சன்னல்ல ஒக்காந்திருந்த புறா பறந்துருச்சு. கேட்டு மறுபடி தொறந்த சத்தமே அவருக்குக் கேக்கல, அவ கட்டில் பக்கத்துல நின்னா, ஒத்தக் கால்ல மட்டும் செருப்போட. என்னங்க, என்ன பண்ணுது? வெரலு நிமிர மாட்டேங்குது. அவுரு. மொதல்ல கட்ட அவுரு. அவ சுச்ச அமுக்குனா, மாட்டு முடிச்ச அவுக்க நகம் பத்தாம பல்ல வச்சுக் கடிச்சு இழுத்தா, கத்தரிப்பூ சேல பிரிஞ்சுச்சு, பெல்ட்டு பர்ருன்னு பிரிஞ்சுச்சு, உள் துணி பிரிஞ்சுச்சு. ஒச்சப்பன் கண்ண மூடிக்கிட்டாரு. அரக்கண்ணு இல்ல, முழுசா. பெருமாயி கையி நின்னு போச்சு. அவ மூச்சு விடுறது கேக்குது. ஐஸ் பெட்டிக்குள்ள தண்ணி கொளக்குன்னு ஒரு சத்தம் போட்டு அடங்குச்சு. பின்னாலயே ஓடியாந்த செல்லக்கிளி வாசல்ல நின்னு, என்ன மதினி, அண்ணனுக்கு என்னன்னு கேக்குறா. பெருமாயி எதையோ எடுத்து மடியில செருகிக்கிட்ட மாதிரி வளையல் சத்தம். பெறகு அவ கொரலு, சாதாரணமா, மொளகா வெல சொல்ற மாதிரி: ஒண்ணுமில்லடி, கட்டு இறுகிப் போச்சு. நீ போயி ஒலைய வையி, நான் வர்றேன். காசு கெடச்சிருச்சு. எங்க மதினி? எலிதேன்டி. கெழட்டு எலி ஒண்ணு, கட்டிலுக்கிட்டக் கொண்டாந்து வச்சிருக்கு. நாஞ் சொன்னேன்ல மதினி, மஞ்ச வாசத்துக்கு வரும்னு சொன்னேன்ல, எலிப்பொறி வைங்கன்னு சொல்லிக்கிட்டே கொலுசு கொல்லைப் பக்கம் போச்சு.

பாதத்த எடுத்து அவ மடியில வச்சுக்கிட்டா. எலும்புக்கு அடியில ரூபா அளவுக்கு வட்டமா, செவேர்னு பதிஞ்சிருக்கு, துணியோட நெசவுகூடத் தெரியுது. தேய்க்கிறா. கெண்டைக்காலத் தொடாம, பாதத்த மட்டும், உள்ளங்கையில சூடு பறக்கத் தேய்க்கிறா. இப்ப நிமித்துங்க. நிமிரல. அறிவுக்குப் போனப் போடவா? இரு. கொஞ்சம் இரு. அவ தேய்க்கிறத நிறுத்தல, தலையையும் நிமித்தல. அவ சிரிக்கட்டும்னு காத்திருக்காரு, சிரிக்கல. பாவம்னும் பாக்கல. வேண்டலடி, சும்மா வச்சுப் பாத்தேன்னாரு. ம்ம்னா அவ. காலு சரியாகணும்னுதேன முடிஞ்ச, அதான் காலுட்டயே வச்சேன்னாரு. அப்பத்தேன் நிமிந்து பாத்தா. காலுக்கா? காலுக்கு டாக்டரு இருக்காருல்ல, அம்புட்டுப் பணத்தக் கட்டியிருக்கு. அதுக்கு எதுக்குக் கருப்பத் தொந்தரவு பண்ணப் போறேன். அது உங்க வாய்க்கு முடிஞ்சதுங்க. வாய்க்கா? ஆமா. இந்த மனுசன் சாகுறதுக்குள்ள ஒரு தடவ வாயத் தொறந்து இன்னது நோகுதுன்னு சொல்லணும் கருப்பான்னு முடிஞ்சேன். நீங்க என்னடான்னா கொண்டுபோயி முட்டியில கட்டியிருக்கீக.  கூரையில பல்லி ஒண்ணு இருந்துச்சு, அதப் பாத்தாரு. அப்ப, எங்கயோ தூரத்துல, கணவாய்க்கு அந்தப் பக்கம் வண்டி வர்ற மாதிரி, கால்ல ஒண்ணு கெளம்புச்சு. எறும்பு. ஒத்த எறும்பு, பெறகு சாரை சாரையா, பெறகு எறும்பில்ல, ஊசி, பாதம் முச்சூடும் ஊசி, நெருப்புல வாட்டுன ஊசி, ஒண்ணு விடாம பெருவிரல் நுனி வரைக்கும். காலு தன்னால வெடுக்குன்னு இழுத்துச்சு. பெருமாயி கைய எடுத்துட்டா. பயந்து போயி அவரு மொகத்தப் பாத்தா. வலிக்குதா?

பெருவிரலு நிமிந்துச்சு. அதிகமில்ல, கிளச்சுப் பெடல மிதிக்கறதுக்கு முன்னால வெறுமனே ஒரு ஆட்டம் இருக்குமே, அம்புட்டுதேன்.

வலிக்குதுடின்னாரு ஒச்சப்பன். ரொம்ப வலிக்குது.